தேன் ஓட்ஸ் ரொட்டி: மேலே கருகுகிறது, உள்ளே களியாகிறது. நம் ஊர் வெயிலுக்கு என்ன கணக்கு?

நிரைக்காரி மகள் (சுங்கை சிப்புட்) | சனி, காலை 7.15

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ஒரே ரொட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்றும் பாழ். மாவைக் குப்பையில் கொட்டும்போது கை கூசுகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) போய், தன் நிரையில் (வெட்டக் கொடுத்த மர வரிசை) பாதி மரத்தை வெட்டி முடித்த பிறகுதான் பசியாறுவார். தூக்குச்சட்டியில் கோப்பி ஓ (பால் விடாத கோப்பி), துணியில் சுற்றிய ரொட்டி. ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு லயத்துக்கு (தோட்டக் குடியிருப்பு) வரும்போது வாங்கி வைத்தது. தோட்டத்தை விட்டு இந்தத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) வந்து பல ஆண்டுகள் ஆகியும் காலையில் கோப்பியில் நனைத்த ரொட்டி இல்லாமல் அவருக்குப் பொழுது விடிவதில்லை. இப்போது பல் போய்விட்டது, இனிப்பு நீரும் (நீரிழிவு) வந்துவிட்டது. வெள்ளை ரொட்டியைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். ஓட்ஸ் சேர்த்து, சீனிக்குப் பதில் தேன் விட்டு, மென்மையான ரொட்டியாக நானே சுட்டுத் தரலாம் என்று முடிவு செய்தேன்.

நான் செய்தது இதுதான். கடையில் கிடைக்கும் சாதாரண ஒரு கிலோ கோதுமை மாவிலிருந்து 400 கிராம். உடனடி ஓட்ஸ் 100 கிராம், நனைக்காமல் அப்படியே. தேன் 100 கிராம். வெதுவெதுப்பான பால் 320 மில்லி. 11 கிராம் ஈஸ்ட் பொட்டலம் முழுவதும். உப்பு ஒரு தேக்கரண்டி, வெண்ணெய் கொஞ்சம். 'வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம்' என்று குறிப்பில் இருந்ததால் அடுப்புக்குப் பக்கத்தில் மூடி வைத்தேன். மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்தது. டின்னில் போட்டதும் மறுபடி பொங்கியது. 200 டிகிரி சூட்டில் ஓவனுக்குள் வைத்ததும் நடுவில் பள்ளமாக உட்கார்ந்துவிட்டது. இருபதாவது நிமிடம் மேற்புறம் கரி. எடுத்து வெட்டினால் அடியில் ஒரு விரல் கனத்துக்குக் களி. கள் போல ஒரு வாடை வேறு.

எங்கே தவறு?

---

ஈப்போ அடுக்களை | சனி, காலை 8.02

ஈஸ்ட் பழையதாக இருக்கும். ஒரு தேக்கரண்டி ஈஸ்டை வெதுவெதுப்பான சீனித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரை வராவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

---

தேயிலை மேடு (தானா ராத்தா, கேமரன் மலை) | சனி, காலை 8.40

அக்கா, இதே அளவில்தான் நானும் செய்கிறேன். இங்கே அருமையாக வருகிறது! ஒன்றரை மணி நேரம் கூடப் போதாது, இரண்டு மணி நேரம் வைக்கிறேன். கள் வாடையெல்லாம் வந்ததே இல்லை. ஆனால் மேற்புறம் கருகுவது எனக்கும் உண்டு. அதை நான் தேனின் நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

நிரைக்காரி மகள் | சனி, காலை 9.10

ஈஸ்ட் போன வாரம் வாங்கியது. பொங்கி வழிந்ததே, அது பழையதாக இருக்க வழியில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ரொட்டி பார்வைக்குச் சுமாராக இருந்தது. மூடி போட்ட டப்பாவில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் திறந்தபோது பழுத்து அளிந்த அன்னாசி போல ஒரு மணம். பூசணம் ஒரு பொட்டு கூட இல்லை. பிய்த்தால் உள்ளே பிசுபிசுவென்று நூல் நூலாக இழுத்தது. அம்மாவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இதுவும் ஈஸ்டினால் வருவதா?

---

விறகு அடுப்பு (தைப்பிங்) | சனி, பிற்பகல் 2.25

தங்கச்சி, அந்த நூல் இழுப்பதைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு 68 வயது. 26 ஆண்டுகள் ஒரு ரொட்டிக் கடையின் அடுப்படியில் இருந்தவன். ரப்பர் விறகு போட்டு எரித்த காலத்திலிருந்து மின்சார அடுப்பு வரை பார்த்திருக்கிறேன். உங்களுக்கு நடந்தது இரண்டு தனித்தனிக் கோளாறு. ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் நூல் விவகாரம், ஏனென்றால் அதுதான் ஆபத்தானது. அது பூசணமும் இல்லை, ஈஸ்டும் இல்லை. பேசிலஸ் என்னும் நுண்ணுயிரியின் வேலை. மண்ணிலிருந்து தானியத்தோடு வரும், மாவிலும் ஓட்ஸிலும் விதை போல உறங்கிக் கிடக்கும். ரொட்டியின் நடுப்பகுதி எவ்வளவு நேரம் வெந்தாலும் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அந்தச் சூட்டில் விதை சாவதில்லை. ரொட்டி ஆறியதும், நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடிய டப்பாவுக்குள் இருந்தால், விழித்துக்கொண்டு உள்ளிருந்தே தின்ன ஆரம்பிக்கும். அதுதான் அந்தப் பழ வாடையும் பிசினும். உங்கள் அம்மாவுக்குக் கொடுக்காமல் விட்டீர்களே, மிகச் சரியான காரியம். ரொட்டி வெட்டும் பலகை, கத்தி, டப்பா, டின் எல்லாவற்றையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவி, பிறகு புளிக்காடியால் (வினிகர்) துடையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ரொட்டிக்கும் தொற்றும். மாவிலும் ஒரு மேசைக்கரண்டி புளிக்காடி விடுங்கள். வாயில் தெரியாது. அந்தப் புளிப்பு இந்த உயிரியை எழும்ப விடாது. கடையில் நாங்களும் வெயில் மாதங்களில் அதைத்தான் செய்தோம்.

இப்போது பொங்கி வழிந்த கதை.

குளிர் நாட்டுக்காரன் எழுதிய குறிப்பை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டில் ரொட்டி சுட்டால் இப்படித்தான் ஆகும். அவன் வீட்டுக்குள் 20 டிகிரி. மாவு எழும்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கும், அதனால் பாலைச் சூடாக்கு, வெதுவெதுப்பான இடம் தேடு என்கிறான். நமக்கு அடுக்களையே 31 டிகிரி. அதில் சூடான பால், 11 கிராம் ஈஸ்ட், அடுப்புப் பக்கம், ஒன்றரை மணி நேரம்! ஈஸ்ட் வெறி பிடித்துத் தின்று தீர்த்து, சாராயத்தையும் காற்றையும் கக்கிவிட்டு ஓய்ந்துவிட்டது. மாவின் பிணைப்பு அறுந்துபோனது. ஓவன் சூடு பட்டதும் தாங்க ஆளில்லாமல் உட்கார்ந்துவிட்டது. கள் வாடை என்று சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

கடையில் நாங்கள் கடிகாரத்தை நம்பியதில்லை. பிசைந்து முடித்த மாவின் சூட்டைத்தான் பார்ப்போம். 25 டிகிரிக்கு அருகில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. 25-ஐ மூன்றால் பெருக்கினால் 75. அதிலிருந்து அறையின் சூட்டையும் மாவின் சூட்டையும் பிசையும்போது ஏறும் சூட்டையும் கழியுங்கள். அறை 31, மாவு 30, கையால் பிசைவதால் 3. மீதி 11. ஆக, ஊற்றும் பாலோ தண்ணீரோ 11 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பால் அப்படியே போதும். இயந்திரத்தில் பிசைந்தால் சூடு 12 வரை ஏறும். அப்போது மீதி 2 டிகிரிதான், ஐஸ் தண்ணீர் வேண்டும். நாங்கள் ஐஸை உடைத்தே கொட்டுவோம்.

ஈஸ்ட் 5 கிராம் போதும். அடுப்புப் பக்கம் வேண்டாம், மேசை மேல் வையுங்கள். 45 நிமிடத்தில் போய்ப் பாருங்கள். விரலில் காய்ந்த மாவைப் பூசிக்கொண்டு, எழும்பிய மாவை மெல்ல அழுத்துங்கள். குழி பட்டென்று மேலே வந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி நிரம்பினால் சரி. நிரம்பவே இல்லை என்றால் கடந்துபோய்விட்டது.

---

நிரைக்காரி மகள் | சனி, பிற்பகல் 3.01

ஐயா, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாலைச் சூடாக்கினால்தான் ஈஸ்ட் வேலை செய்யும் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை இத்தனை நாள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி.

அந்தக் களி ஏன் வந்தது என்பதையும் சொல்லுங்கள்.

---

விறகு அடுப்பு | சனி, பிற்பகல் 3.40

அதற்குக் காரணம் ஓட்ஸும் தேனும் சேர்ந்து.

காய்ந்த ஓட்ஸ் பஞ்சு மாதிரி. பிசையும்போது சும்மா இருக்கும். எழும்பும் நேரத்தில் மாவிலிருந்து தண்ணீரைத் திருடும். போதாததற்கு அதில் ரொட்டியைத் தூக்கிப் பிடிக்கும் பிசின் கிடையாது. கோதுமையில் மட்டும்தான் அந்த வலு உண்டு. ஆகையால் ஓட்ஸை முன்கூட்டியே அதன் எடையைப் போல இரண்டு மடங்கு கொதிநீர் ஊற்றிக் கஞ்சியாக ஊற வையுங்கள். நன்றாக ஆறி, குளிர்பெட்டியில் இருந்து எடுத்த பிறகுதான் மாவில் சேர்க்க வேண்டும். ஊறிய ஓட்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பல் இல்லாதவருக்கு ஏற்ற மென்மை அதில்தான் இருக்கிறது. உடனடி ஓட்ஸ் வேண்டாம், அது கரைந்து கூழாகிவிடும். அவல் போலத் தட்டையாக, முழுசாகத் தெரியும் ஓட்ஸ் வாங்குங்கள்.

தேனில் பழச்சர்க்கரை அதிகம். வெள்ளைச் சீனியை விட விரைவாகச் சிவந்துவிடும். நீங்கள் 400 கிராம் மாவுக்கு 100 கிராம் தேன் விட்டிருக்கிறீர்கள், கால் பங்கு. மேலே கருகிவிட்டதே என்று பயந்து இருபது நிமிடத்தில் வெளியே எடுத்தீர்கள். உள்ளே வேகவே இல்லை. அதுதான் களி. தேனை 40 கிராமுக்குக் குறையுங்கள். ஓவனை 180-இல் வையுங்கள். டின்னைக் கீழ்த் தட்டில் வையுங்கள். மேற்புறம் பொன்னிறம் ஆனதும் அலுமினியத் தாளைக் கூரை போல மூடிவிட்டு மொத்தம் 35 முதல் 38 நிமிடம் விடுங்கள்.

---

பாசார் பை (சுங்கை சிப்புட்) | சனி, மாலை 5.15

மாவைப் பற்றி யாருமே சொல்லவில்லையே? நம் ஊரில் கோதுமை மாவு என்றால் வெள்ளை மாவு. விலைக் கட்டுப்பாட்டில் வரும் அந்த ஒரு கிலோ பொட்டலம் பலகாரத்துக்கும் ரொட்டி சானாய்க்கும் நல்லது. அதில் புரதம் 9 முதல் 11 விழுக்காடுதான். ஓட்ஸின் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டிய ரொட்டிக்குப் போதாது. 12 விழுக்காட்டுக்கு மேல் புரதம் உள்ள ரொட்டி மாவு கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். ஆட்டா மாவும் இதற்குச் சரிவராது. அதிலுள்ள தவிடு பிணைப்பை வெட்டிவிடும். வேண்டுமானால் 400-இல் 80 கிராம் மட்டும் ஆட்டா போடலாம்.

மழைக்காலத்தில் பால் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். நம் காற்றில் மாவே ஈரம் குடித்திருக்கும். இரண்டு மேசைக்கரண்டி நிறுத்தி வைத்து, கை சொன்ன பிறகு ஊற்றுங்கள்.

---

கெலுலுட் கூடு (லெங்கோங்) | ஞாயிறு, காலை 6.50

வணக்கம். தேன் என்று வந்ததால் நானும் பேசுகிறேன். வீட்டுக்குப் பின்னால் பதினாறு மரக்கட்டைகளில் கெலுலுட் தேனீ வளர்க்கிறேன். கொட்டாத சின்னத் தேனீ.

கெலுலுட் தேன் மருந்துக்குச் சமானம் என்று பலர் அதை வாங்கி ரொட்டியில் ஊற்றுகிறார்கள். விற்கிறவன் நானே சொல்கிறேன், வேண்டாம். அது புளிப்பு. சாதாரணத் தேனில் தண்ணீர் 20 விழுக்காட்டுக்குள் இருக்கும். கெலுலுட் தேனில் 25 முதல் 35 விழுக்காடு வரை போகும். மாவு நீர்த்துவிடும், விலையும் கட்டுப்படியாகாது. சுட்டு இறக்கிய ரொட்டியின் மேல் ஒரு தேக்கரண்டி தடவிச் சாப்பிடுங்கள். அப்போதுதான் அந்தப் புளிப்பின் அழகு நாக்கில் தெரியும்.

ரொட்டிக்குள் போட உகந்தது ரப்பர்த் தேன். உங்கள் அம்மாவுக்கு இது பிடிக்கும். பால்மரம் இலை உதிர்த்து மறுபடி துளிர்க்கும் மாதங்களில், மூன்று இலைகள் கூடும் காம்பு நுனியில் சிறு சுரப்பிகளில் இனிப்பான சாறு கசியும். பூவிலிருந்து இல்லை, இலையிலிருந்து! தேனீக்கள் அதற்கு மொய்க்கும். அந்தத் துளிர் காலத்தில் காட்டில் நின்றவர்களுக்கு அந்த ரீங்காரம் நினைவிருக்கும். கோலகங்சாரில் 1877-இல் நட்ட பால்மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அந்த முதல் மரங்கள் வந்ததிலிருந்து நம்மவர்கள் மங்கு (பால் வடியும் கிண்ணம்) கட்டிப் பாலை மட்டும்தான் எடுத்தோம். தேனையும் அதே மரம்தான் தந்துகொண்டிருந்தது.

ஒரு வேண்டுகோள். தேன் அடியில் உறைந்து சீனி போல இருந்தால் கலப்படம் என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல தேனும் உறையும். வெந்நீரில் போத்தலை நிறுத்தினால் கரைந்துவிடும்.

---

நிரைக்காரி மகள் | ஞாயிறு, காலை 7.30

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'ஆமாம், துளிர் விடும் நேரத்தில் தலைக்கு மேலே ஓயாமல் ஒரு சத்தம் இருக்கும். மழை வருகிறது என்று நினைத்து வாளியை மூடியிருக்கிறேன்' என்றார். இத்தனை ஆண்டுகளில் இதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை.

---

உணவுக் கணக்கு (ஈப்போ) | ஞாயிறு, காலை 10.20

நான் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். இந்த இழையில் எல்லாம் நல்ல தகவல். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவலை. 'இனிப்பு நீர் இருப்பதால் ஓட்ஸும் தேனும்' என்று தொடங்கியிருக்கிறீர்கள். இது நம் சமூகத்தில் மிகப் பரவலாக இருக்கும் எண்ணம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. இந்தியர்களிடையே விகிதம் இதைவிடவும் அதிகம். அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். ஓட்ஸில் நன்மை தருவது பீட்டா குளூக்கன் என்னும் கரையும் நார்ச்சத்து. கொழுப்பைக் குறைக்க நாளுக்கு 3 கிராம் வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. 100 கிராம் ஓட்ஸில் ஏறத்தாழ 4 கிராம் இருக்கும். உங்கள் ரொட்டியில் 80 கிராம் ஓட்ஸ் போட்டு 14 துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் கால் கிராம் கூட வராது. 40 கிராம் ஓட்ஸைக் கஞ்சியாகக் குடித்தால் ஒன்றரை கிராம் கிடைத்துவிடும்.

---

கெலுலுட் கூடு | ஞாயிறு, காலை 10.55

கெலுலுட் தேனை எல்லாத் தேனோடும் சேர்த்துவிடாதீர்கள். 2020-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதில் ட்ரெஹலுலோஸ் என்னும் அரிய சர்க்கரை இருப்பதைக் கண்டறிந்தார்கள். நம் நாட்டுக் கெலுலுட்டையும் சோதித்தார்கள். அது இரத்தத்தில் மெதுவாகச் சேரும் சர்க்கரை.

---

உணவுக் கணக்கு | ஞாயிறு, காலை 11.30

உண்மை, அண்ணா. அந்தக் கண்டுபிடிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அக்காவின் அம்மா சாப்பிடப்போவது ரொட்டி. அளந்து பார்ப்போம். 40 கிராம் தேனிலிருந்து வருவது 32 கிராம் சர்க்கரை. 14 துண்டுக்குப் பிரித்தால் ஒன்றில் இரண்டு கிராம் சொச்சம். அதே துண்டில் மாவிலிருந்தும் ஓட்ஸிலிருந்தும் வரும் மாவுச்சத்து 20 கிராமுக்கு மேல். இரத்தச் சர்க்கரையை ஏற்றுவது பெரும்பாலும் அந்த மாவுச்சத்துதான். எந்தத் தேன் என்று யோசிப்பதை விட எத்தனை துண்டு என்று யோசிப்பது பயன் தரும்.

அக்கா, ரொட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுப் பழக்கத்தைப் பிடுங்கினால் முதியவர்கள் சாப்பாட்டையே வெறுத்துவிடுவார்கள். ஒரு துண்டு, கூடவே அவித்த முட்டையோ அவித்த கடலையோ. சீனி போடாத கோப்பி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். அந்த எண்ணை டாக்டரிடம் காட்டி எத்தனை துண்டு என்பதை முடிவு செய்யுங்கள்.

---

நிரைக்காரி மகள் | ஞாயிறு, பகல் 12.10

நன்றி, தம்பி. கேட்க வருத்தமாக இருந்தது, ஆனால் கேட்க வேண்டியதுதான். இனி இது மருந்து ரொட்டி இல்லை, அம்மாவின் பசியாறல் ரொட்டி. இரவுச் சோற்றில் பாதியை ஓட்ஸ் கஞ்சியாக மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

---

புது அம்மா (கோலகங்சார்) | ஞாயிறு, பகல் 12.45

இடையில் ஒரு கேள்வி. என் மகனுக்கு எட்டு மாதம். இந்த ரொட்டியைப் பாலில் ஊற வைத்துக் கொடுக்கலாமா? தேன் வெந்துவிடுகிறதே?

---

உணவுக் கணக்கு | ஞாயிறு, பகல் 12.52

வேண்டாம், தங்கையே. ஒரு வயது நிரம்பும்வரை தேன் எந்த வடிவிலும் கூடாது. தேனில் பொட்டுலிசம் என்னும் நோயைத் தரும் கிருமியின் விதைகள் இருக்கலாம். பெரியவர்கள் வயிறு சமாளித்துக்கொள்ளும், குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கும். விறகு அடுப்பு ஐயா மேலே சொன்னாரே, ரொட்டியின் நடுவில் சூடு 100-ஐத் தாண்டாது. இந்த விதைகளும் அந்தச் சூட்டில் சாவதில்லை. நாக்கில் தேன் தடவும் வழக்கத்தையும் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள்.

---

தேயிலை மேடு | திங்கள், இரவு 8.15

ஐயா, எனக்கும் ஒரு சந்தேகம். நேற்று நீங்கள் சொன்னபடி 180-இல் வைத்து, தாள் மூடிச் சுட்டேன். நிறம் அழகாக வந்தது. ஆனால் நடுவில் 95 டிகிரி வந்தால்தான் வெந்தது என்று படித்து, வெப்பமானியைச் செருகிக்கொண்டே இருந்தேன். 93-க்கு மேல் ஏறவே இல்லை. கூடுதலாகப் பதினைந்து நிமிடம் விட்டதில் ரொட்டி காய்ந்துவிட்டது.

---

விறகு அடுப்பு | திங்கள், இரவு 9.00

மகளே, நீ இருப்பது 1,400 மீட்டருக்கு மேலே. அங்கே தண்ணீரே 95 டிகிரியில் கொதித்துவிடும். ரொட்டிக்குள் இருப்பது ஈரம்தானே, கொதிநிலையை அது எப்படித் தாண்டும்? உனக்கு 91 வந்தாலே வெந்தது. கீழே இருப்பவர்கள் 94, 95 பார்க்கலாம். உன் ஊர்க் குளிருக்கு நீ பாலை வெதுவெதுப்பாக்குவது சரிதான், மாற்றாதே. ஒரே குறிப்பு தேயிலைத் தோட்டத்தில் ஒரு மாதிரியும் ரப்பர்த் தோட்டத்தில் வேறு மாதிரியும் நடந்துகொள்கிறது.

---

நிரைக்காரி மகள் | புதன், இரவு 9.40

நான்காவது ரொட்டி. பாதி வெற்றி.

ஊற வைத்த ஓட்ஸ், குளிர்ந்த பால், 5 கிராம் ஈஸ்ட், ரொட்டி மாவு எல்லாம் சரியாகச் செய்தேன். 48 நிமிடத்தில் விரல் குழி பாதி நிரம்பியது. ஐயா சொன்னதற்கு அச்சாக அப்படியே! ஓவனிலும் உட்காரவில்லை. ஆனால் வெட்டினால் மறுபடி உள்ளே ஈரப் பிசுக்கு. கத்தியில் ஒட்டியது. வெளியே எடுத்து பத்து நிமிடத்தில் வெட்டினேன். வீடெல்லாம் மணம், அம்மா கோப்பியோடு காத்திருந்தார், மனம் பொறுக்கவில்லை.

---

விறகு அடுப்பு | புதன், இரவு 10.05

அது வெந்த ரொட்டிதான். நீங்கள்தான் அதை முடிக்க விடவில்லை. அடுப்பை விட்டு இறங்கிய பிறகும் உள்ளே வேலை நடக்கும். மாவுச்சத்து இறுகி, ஆவி வெளியேற வேண்டும். டின்னிலிருந்து உடனே எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் அடிப்பாகம் வியர்த்துவிடும். இரண்டு மணி நேரம் கத்தியைத் தொடாதீர்கள். ஓட்ஸ் ரொட்டிக்கு இது இன்னும் முக்கியம். இரவில் சுட்டு காலையில் வெட்டுங்கள். பசியாறலுக்கும் அதுவே தோது.

---

பாசார் பை | வியாழன், காலை 7.20

மீதியைக் குளிர்பெட்டியின் கீழ்த் தட்டில் வைக்காதீர்கள், அக்கா. பூசணம் தள்ளிப்போகும், ஆனால் அந்தக் குளிரில்தான் ரொட்டி மிக வேகமாகக் காய்ந்து விறைக்கும். முதல் நாளே துண்டு போட்டு, உறைபெட்டியில் வையுங்கள். வேண்டிய துண்டை மட்டும் எடுத்துச் சட்டியில் இரண்டு பக்கமும் காட்டினால் சுட்ட அன்றைக்கு இருந்தது போலவே இருக்கும். மேசையில் வைத்தால் நம் ஊரில் இரண்டு நாள்தான்.

---

நிரைக்காரி மகள் | ஞாயிறு, காலை 8.30

வந்துவிட்டது.

பின்னால் தேடி வருபவர்களுக்காக அளவை முழுவதும் எழுதுகிறேன். 80 கிராம் தட்டை ஓட்ஸில் 160 மில்லி கொதிநீர் ஊற்றி, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்தேன். 400 கிராம் ரொட்டி மாவு, 5 கிராம் ஈஸ்ட், 8 கிராம் உப்பு, 40 கிராம் தேன், ஒரு மேசைக்கரண்டி புளிக்காடி. குளிர்ந்த பால் 130 மில்லி அளந்து வைத்தேன். புளிக்காடியும் தேனும் நீர்தானே, அதனால் 110 போதுமானதாக இருந்தது. மாவு ஒன்றுசேர்ந்த பிறகு 30 கிராம் வெண்ணெய். கையால் பதினைந்து நிமிடம் பிசைந்தேன். முதலில் கையெல்லாம் ஒட்டும், பயந்து மாவு தூவாதீர்கள். பன்னிரண்டாவது நிமிடத்துக்கு மேல் திடீரென்று வழவழப்பாகிறது. ஒரு சின்ன உருண்டையை விரித்தால் கிழியாமல் ஒளி தெரிந்தது. மேசை மேல் 45 நிமிடம். சுருட்டி, 9-க்கு 5 அங்குல டின்னில் போட்டு இன்னும் 35 நிமிடம், டின் விளிம்புக்கு மேல் ஒரு விரல் உயரம் வந்ததும் ஓவனுக்குள். 180 டிகிரி, 18-ஆவது நிமிடம் தாள், மொத்தம் 37 நிமிடம். நேற்று இரவு பத்து மணிக்கு இறக்கினேன், இன்று காலை ஆறரைக்கு வெட்டினேன்.

அம்மா துண்டை வாங்கி, கோப்பியில் நனைக்காமல் முதலில் விரலால் அழுத்திப் பார்த்தார். மரத்தின் பட்டையை வெட்டுமுன் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார். பிறகு நனைத்துச் சாப்பிட்டார். 'இது நனைத்தும் உடைந்து கோப்பியில் விழவில்லை' என்றார். ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டு, அவித்த முட்டையையும் சாப்பிட்டார். இரண்டு மணி நேரத்தில் குத்திப் பார்த்து எழுதி வைக்கப் போகிறேன், தம்பி.

இன்னும் ஒன்று. இரண்டு துண்டை வாழையிலையில் மடித்து எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு அத்தையிடம் போயிருக்கிறார். அந்த அத்தை தோட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்து நிரை. இப்போது வரும் சனிக்கிழமைக்கு அவருக்கும் ஒரு ரொட்டி வேண்டுமாம். என் ஓவன் 35 லிட்டர்தான். இரண்டு டின்னை ஒன்றாக வைக்கலாமா?

---

விறகு அடுப்பு | ஞாயிறு, காலை 9.15

தாராளமாக வைக்கலாம். இரண்டு டின்னுக்கு நடுவிலும் சுவருக்கும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், காற்று சுற்ற வேண்டும். தாள் மூடும்போது இரண்டையும் இடம் மாற்றித் திருப்பி வையுங்கள். நேரத்தில் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். இரண்டு மடங்கு மாவைக் கையால் பிசைய நேரம் பிடிக்கும், அதற்குள் சூடு ஏறிவிடும். பாலோடு இரண்டு ஐஸ் கட்டி போடுங்கள், அவற்றின் எடையைப் பாலில் கழித்துக்கொள்ளுங்கள்.

---

நிரைக்காரி மகள் | ஞாயிறு, காலை 9.22

சரி, ஐயா. ஐஸ் தட்டில் இப்போதே தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.